‘ஆட்சியைப் பிடிக்க’ முடியாத நாடு: அமெரிக்க அரசு இயங்கும் விதம்

கேட்கப்பட்ட கேள்வி இது: “அமெரிக்க அதிபர்தான் உலகத்திலேயே அதிகாரம் மிக்க மனிதர் என்கிறார்கள். ஆனால் இரண்டு அவைகளிலும் அவர் கட்சிக்கே பெரும்பான்மை இருக்கும்போதுகூட ஒரு மசோதா தோற்றுப்போகிறது. சம்பளம் போட முடியாமல் அரசு அலுவலகங்கள் மூடிக்கிடக்கின்றன. நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவர் தேர்தலில் தோற்கிறார். இதெல்லாம் எப்படி நடக்கிறது?”

மூன்று கேள்விகள் மாதிரி இருந்தாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். தேர்தலைப் பற்றிப் பேசும்போது நாம் ‘ஆட்சியைப் பிடித்தார்கள்’ என்போம். சட்டமன்றத்தில் பாதிக்கு மேல் இடம் கிடைத்துவிட்டால் முதல்வர், அமைச்சரவை, பட்ஜெட், சட்டம் எல்லாம் ஒரே கைக்கு வந்துவிடும். அமெரிக்காவில் அப்படிப் பிடிப்பதற்கு ஆட்சி என்று ஒரே இடத்தில் எதுவும் வைக்கப்படவில்லை. அதிபருக்கு ஒரு தேர்தல், பிரதிநிதிகள் அவைக்கு வேறொன்று, மேலவையான செனட்டுக்கு இன்னொன்று, ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனித் தேர்தல்கள். உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்தலே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் வேறு வாக்காளர் கணக்கு, வேறு பதவிக்காலம். ஒன்றில் ஜெயித்தவர் இன்னொன்றில் இருப்பவரை அவ்வளவு சுலபமாக வீட்டுக்கு அனுப்ப முடியாது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்த நீளமான பதில்.

ஒரு ராத்திரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2017 ஜூலை 28, விடியற்காலை ஒன்றரை மணி, செனட் சபை. ஒபாமா 2010-ல் கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ஒழித்துக்கட்டுவோம் என்று ஏழு வருடமாகக் குடியரசுக் கட்சி சொல்லிவந்தது. இப்போது அதிபர் ட்ரம்ப் அவர்கள் கட்சி, பிரதிநிதிகள் அவை அவர்களிடம், செனட்டில் 100 பேரில் 52 பேர் அவர்கள். மே மாதமே பிரதிநிதிகள் அவையில் 217-க்கு 213 என்று ஒரு மசோதா தேறியிருந்தது. அன்றைக்கே வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் கூடிக் கொண்டாடியும் முடித்துவிட்டார்கள். செனட்டில் அதைச் சுருக்கி, ஒபாமா சட்டத்தின் சில பகுதிகளை மட்டும் நீக்கும் வடிவத்தில் அன்றிரவு ஓட்டுக்கு விட்டார்கள். சூசன் காலின்ஸ், லிசா முர்கோவ்ஸ்கி என்ற இரண்டு செனட்டர்கள் சொந்தக் கட்சியை எதிர்ப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியும் 50-50 என்று வந்தால் துணை அதிபர் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைக்கலாம். அதற்காகவே மைக் பென்ஸ் வந்திருந்தார்.

80 வயது ஜான் மெக்கெய்ன் உள்ளே வந்தார். அவருக்கு மூளையில் புற்றுநோய் என்ற செய்தி வெளிவந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இடது கண்ணுக்கு மேலே அறுவை சிகிச்சை செய்த தடம். ஓட்டைப் பதியும் எழுத்தர்களின் மேசைக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டினார். ஒரு கணம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கட்டைவிரலைக் கீழே திருப்பினார். சபையில் பலர் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கும் சத்தம் காணொளியில் இப்போதும் கேட்கும். அவருடைய கட்சியின் செனட் தலைவர் மிட்ச் மெக்கானல் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றிருந்தார். 49-51. மசோதா போச்சு.

இதில் என்னை யோசிக்க வைத்தது அதற்கு அப்புறம் நடந்ததுதான். அதாவது, ஒன்றுமே நடக்கவில்லை. மெக்கெய்ன் செனட்டராகவே இருந்தார். இந்தியாவில் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே பறிபோகலாம். அங்கேயும் கொறடா உண்டு. அவர் தலைகளை எண்ணலாம், கெஞ்சலாம், மிரட்டிக்கூடப் பார்க்கலாம். உத்தரவு மட்டும் போட முடியாது. அந்தப் பதவிக்கு இருப்பதெல்லாம் வாய்ச்சாமர்த்தியம்தான்.

அடுத்தது சீட் விவகாரம். நம் ஊரில் யாருக்கு சீட் என்று தலைமை முடிவு செய்யும். வேட்பாளர் பட்டியல் வெளியாகும் நாளில் அலுவலக வாசலில் பட்டாசும் வெடிக்கும், கண்ணீரும் சிந்தும். அமெரிக்காவில் சீட் கொடுப்பதே ஒரு தேர்தல். பிரைமரி என்பார்கள். கட்சியின் வேட்பாளர் யார் என்பதை அந்தத் தொகுதி வாக்காளர்களே ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். 2014 ஜூனில் விர்ஜீனியாவில் எரிக் கேன்டர் இதில்தான் சரிந்தார். சின்ன ஆள் இல்லை. பிரதிநிதிகள் அவையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர், சபாநாயகருக்கு அடுத்த இடம், நாளைக்குச் சபாநாயகரே ஆவார் என்று பேசப்பட்டவர். டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியரிடம் சொந்தக் கட்சியின் பிரைமரியிலேயே தோற்றார். தலைமையால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

ஆகவே ஓர் உறுப்பினர் கட்சித் தலைமைக்குப் பயப்படுவதைவிடத் தன் பிரைமரி வாக்காளர்களுக்குப் பயப்படுகிறார். இதை ஜனநாயகத்தின் உச்சம் என்று புகழ்பவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. பிரைமரியில் ஓட்டுப் போட வருபவர்கள் கொஞ்சம் பேர். வருகிறவர்கள் பெரும்பாலும் கட்சியின் தீவிர விசுவாசிகள். தொகுதி ஏற்கெனவே ஒரு கட்சியின் கோட்டையாக இருந்தால் பிரைமரியே உண்மையான தேர்தல் ஆகிவிடும். நடுவில் நிற்கிற ஆள் காணாமல்போவார். மெக்கெய்னைத் தைரியசாலி ஆக்கிய அதே ஏற்பாடு இன்னும் நூறு பேரைக் கோழைகளாக்கவும் செய்கிறது.

இது ஒரு கட்சியின் நோய் என்று நினைத்துவிட வேண்டாம். 2021-ல் நிலைமை தலைகீழ். பைடன் அதிபர், பிரதிநிதிகள் அவை ஜனநாயகக் கட்சியிடம், செனட்டில் சரிக்குச் சரி 50-50. பைடனின் மிகப் பெரிய சமூகநலத் திட்ட மசோதா நவம்பரில் பிரதிநிதிகள் அவையில் தேறியது. டிசம்பரில் மேற்கு விர்ஜீனியாவின் ஜோ மான்சின் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், என்னால் இதற்கு ஓட்டுப் போட முடியாது என்றார். அவ்வளவுதான், கதை முடிந்தது. மான்சினின் மாநிலத்தில் 2020-ல் ட்ரம்ப் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். அந்த மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மான்சின், பைடன் அல்ல. பிறகு எட்டு மாதம் பேரம் பேசி, மசோதாவை நன்றாகச் சுருக்கி, 2022 ஆகஸ்டில் 51-50 என்று நிறைவேற்றினார்கள். அந்த 51-வது ஓட்டு துணை அதிபர் கமலா ஹாரிஸுடையது. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் பூஜை போட்டார்களே, அதே ஹாரிஸ்தான். ஓட்டு சமமானால் உடைக்கும் வேலையை அவர் 33 முறை செய்தார். அமெரிக்க வரலாற்றில் எந்தத் துணை அதிபரும் அத்தனை முறை செய்ததில்லை. அதற்கு முந்தைய சாதனையான 31, 1825-லிருந்து 1832 வரை துணை அதிபராக இருந்த ஜான் கால்ஹூனுடையது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அமைச்சர்கள் அவை உறுப்பினர்களாக இருக்கவே முடியாது, அரசியலமைப்பு தடுக்கிறது. ஹிலாரி கிளின்டன் 2009-ல் வெளியுறவுத் துறைக்குப் போனபோது செனட்டர் பதவியை விட்டார். 2025-ல் மார்கோ ரூபியோவும் அப்படியே. அமைச்சர் பதவி காட்டி நாற்பது பேரை வழிக்குக் கொண்டுவரும் வித்தை அங்கே அதிபருக்கு வாய்க்காது.

இப்படி ஏன் வைத்தார்கள் என்று கேட்டால் 1787-க்குப் போக வேண்டும். பிரிட்டனிடமிருந்து பிரிந்த 13 மாநிலங்களும் முதலில் ஒரு தளர்வான கூட்டாகத்தான் இருந்தன. மத்தியில் அதிபர் இல்லை, நீதித்துறை இல்லை, வரி போடும் அதிகாரமும் இல்லை. ஒப்பந்தத்தைத் திருத்த 13 மாநிலங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். குட்டி மாநிலமான ரோட் ஐலண்ட் தலையாட்ட மறுத்தாலே காரியம் கெடும், கெட்டும் இருக்கிறது. போர்க்கடனை அடைக்க வழியில்லை. 1786-ல் மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள் துப்பாக்கியோடு நீதிமன்றங்களை மறித்தபோது அடக்கப் போதிய படையோ பணமோ மத்தியில் இல்லை. அந்தக் கலக்கத்தில்தான் அடுத்த வருடம் பிலடெல்பியாவில் 55 பேர் கூடி இன்றைய அரசியலமைப்பை எழுதினார்கள். கோடைக்காலம். பேச்சு வெளியே கசியக் கூடாது என்று ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ஏறக்குறைய நான்கு மாதம் உட்கார்ந்தார்கள்.

அவர்களுக்கு இரண்டு பயம். மத்திய அரசு பலவீனமாக இருந்தால் நாடு சிதறும். பலமாக இருந்தால் விரட்டிய மன்னர் வேறு உருவில் வந்து உட்காருவார். அந்தக் கூட்டத்தில் இருந்த ஜேம்ஸ் மேடிசன் 1788-ல் எழுதியதன் சாரம்: மனிதர்கள் தேவதைகளாக இருந்தால் அரசாங்கமே வேண்டியதில்லை, அவர்கள் தேவதைகள் இல்லை, எனவே ஒருவரின் அதிகார ஆசையை இன்னொருவரின் அதிகார ஆசையைக் கொண்டே கட்டிப்போட வேண்டும். வங்கி லாக்கர் மாதிரி. உங்கள் சாவி மட்டும் போட்டால் திறக்காது, மேனேஜரின் சாவியும் வேண்டும். அவர்கள் இரண்டோடு நிற்காமல் நான்கைந்து சாவி செய்துவிட்டார்கள்.

ஆனால் எல்லாமே தத்துவம் என்று நினைத்துவிடக் கூடாது. நிறைய விஷயம் பச்சையான பேரம். மக்கள்தொகை அதிகமுள்ள மாநிலங்கள் அதற்கேற்ற இடங்களைக் கேட்டன. சின்ன மாநிலங்கள் எல்லோருக்கும் சமம் என்றன. ஜூலை 16 அன்று 5-க்கு 4 என்ற நூலிழையில் ஒரு சமரசம் தேறியது. பிரதிநிதிகள் அவையில் மக்கள்தொகைப்படி, செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு. செனட்டில் சமம் என்பதை மேடிசனே கடைசிவரை எதிர்த்தார். இன்று 3.95 கோடிப் பேர் உள்ள கலிபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர், 5.77 லட்சம் பேர் உள்ள வயோமிங்குக்கும் இரண்டு செனட்டர் (2020 மக்கள்தொகைக் கணக்கு). இதைச் சாதாரணத் திருத்தத்தால் மாற்றவும் முடியாது. எந்த மாநிலத்தின் சமபங்கையும் அதன் சம்மதம் இல்லாமல் பறிக்கக் கூடாது என்று எழுதியே வைத்துவிட்டார்கள்.

அதிபர் தேர்தல் கணக்கு இதன் மேல்தான் நிற்கிறது. எலக்டோரல் காலேஜ் என்று பெயர். காலேஜ் என்பதால் கட்டடமோ வகுப்போ இருக்கிறது என்று தேட வேண்டாம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பிரதிநிதிகள் எண்ணிக்கையோடு செனட்டர் இரண்டையும் கூட்டி அத்தனை ஓட்டு. பிரதிநிதிகள் 435, செனட்டர்கள் 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3, ஆக 538. இதில் 270 எடுத்தவர் அதிபர். செனட் இரண்டு சேர்வதால் வயோமிங்கில் சுமார் 1.92 லட்சம் பேருக்கு ஓர் ஓட்டு, கலிபோர்னியாவில் சுமார் 7.3 லட்சம் பேருக்கு ஓர் ஓட்டு.

ஆனால் உண்மையான விளையாட்டு இந்த ஏற்றத்தாழ்வில் இல்லை. 48 மாநிலங்களில், ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தின் மொத்தமும் அவருக்கே போய்விடும். மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் விலக்கு. அதனால் கலிபோர்னியாவில் நாற்பது லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தாலும் பலன் ஒன்றுதான், நானூறில் ஜெயித்தாலும் ஒன்றுதான். 2016-ல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுக்க சுமார் 28.7 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கினார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து ட்ரம்பின் முன்னிலை 80,000-ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் அந்த மூன்றும்தான் ட்ரம்பை அதிபராக்கின. 2000-ல் இன்னும் மோசம். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோர் நாட்டளவில் 5.4 லட்சம் முன்னிலை. புளோரிடாவில் பதிவான ஏறத்தாழ 60 லட்சம் ஓட்டில் 537 பின்தங்கினார், தோற்றார். மறு எண்ணிக்கையை உச்ச நீதிமன்றம் 5-4 என்று நிறுத்தியது. வேட்பாளர்கள் கலிபோர்னியாவுக்கு நிதி திரட்டப் போவதும், ஓட்டுக் கேட்கப் பென்சில்வேனியாவில் குடியிருப்பதும் இதனால்தான்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் அடிமை முறையும் இருக்கிறது. தெற்கு மாநிலங்களில் பெருந்தொகையாக அடிமைகள் இருந்தார்கள், ஓட்டு கிடையாது. நேரடித் தேர்தல் என்றால் தெற்குக்குப் பலமில்லை என்பதை மேடிசனே அந்தக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். பிரதிநிதிகள் கணக்கிலோ அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணினார்கள். அந்தக் கணக்கு அப்படியே அதிபர் தேர்தலுக்கும் வந்தது.

சரி, அரசாங்கம் ‘மூடுவது’. இதற்கு முதலில் ஃபிலிபஸ்டர் பற்றிச் சொல்ல வேண்டும். செனட்டில் 51 பேர் ஆதரித்தாலும் பல மசோதாக்கள் ஓட்டுக்கே வராது. விவாதத்தை முடித்துக்கொள்ள 60 பேர் சம்மதிக்க வேண்டும். அதைத் தராமல் இழுத்தடிப்பதற்குப் பெயர்தான் ஃபிலிபஸ்டர். இது அரசியலமைப்பில் எங்கேயும் இல்லை. செனட் தனக்குத் தானே வைத்துக்கொண்ட விதி. 60 என்ற கணக்கே 1975-ல் வந்தது. முன்பெல்லாம் நின்றுகொண்டே பேச வேண்டும். 1957-ல் கறுப்பின மக்களின் குடிமை உரிமை மசோதாவைத் தடுக்க செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி நேரம் 18 நிமிடம் பேசினார். மசோதா என்னவோ நிறைவேறிவிட்டது. இப்போது அந்தக் கஷ்டமும் இல்லை, எதிர்க்கிறோம் என்று தெரிவித்தாலே போதும். நீதிபதி நியமனங்களுக்கு இந்த விதியை எடுத்துவிட்டார்கள். வரவு செலவு சார்ந்த சில மசோதாக்களுக்கு ஒரு பக்கவாசல் உண்டு. மெக்கெய்ன் கதையில் வந்த மசோதாவும், மான்சின் கதையில் வந்ததும் அந்த வழியாக நுழைந்தவை. வருடாந்தர செலவு ஒதுக்கீட்டுக்கு அந்த வாசல் இல்லை.

நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கும். அதற்குள் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள் தேற வேண்டும். கடைசியாக எல்லாமே நேரத்துக்கு முடிந்தது 1996-ல். காங்கிரஸ் (இரண்டு அவைகளுக்கும் சேர்த்து அங்கே அதுதான் பெயர், நம் ஊர்க் கட்சி இல்லை) ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து பைசா எடுக்கக் கூடாது என்பது அரசியலமைப்பு. ஆனாலும் 1980 வரை, தாமதமானால் அலுவலகங்கள் கொஞ்சம் சிக்கனமாக ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்த வருடம் அட்டர்னி ஜெனரல், அதாவது அரசின் தலைமைச் சட்ட அதிகாரி, பெஞ்சமின் சிவிலெட்டி, பணம் ஒதுக்கப்படாவிட்டால் வேலை நடக்கக் கூடாது என்று ஒரு சட்டக் கருத்துக் கொடுத்தார். இப்போதைய ‘மூடல்’ எல்லாம் அங்கிருந்து பிறந்தவை.

நாடாளுமன்ற முறையில் பட்ஜெட் தோற்றால் ஆட்சி கவிழும். அமெரிக்காவில் ஆட்சி கவிழாது. அதிபரும் காங்கிரஸும் அவரவர் நாற்காலியில் அப்படியே இருப்பார்கள், அரசு ஊழியர்களின் சம்பளம் மட்டும் நிற்கும். விமான நிலையச் சோதனை ஊழியர்களும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் சம்பளமில்லாமல் வேலைக்கு வர வேண்டும். 2018 டிசம்பரில் தொடங்கிய மூடல், எல்லைச் சுவருக்கான நிதித் தகராறில் 35 நாள் நீடித்தது. 35-வது நாள் கட்டுப்பாட்டாளர்கள் போதவில்லை என்று நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்களைச் சிறிது நேரம் நிறுத்தினார்கள். அன்றைக்கே சமரசம் வந்தது. 2025 அக்டோபரில் வந்தது அதையும் தாண்டி 43 நாள். அப்போது அதிபர், இரண்டு அவை எல்லாமே குடியரசுக் கட்சி; ஆனால் செனட்டில் அவர்களிடம் 53 பேர்தான், தேவை 60. ஜனநாயகக் கட்சி காப்பீட்டு மானியத்தை நீட்டிக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தது. கடைசியில் அந்தப் பக்கத்திலிருந்து எட்டுப் பேர் வந்ததும், குடியரசுக் கட்சியில் ஒருவர் எதிர்த்தபோதும், 60-40 என்று தேறியது. காப்பீடு என்றால் மறுபடி ஒபாமாவின் அதே சட்டம்தான். மெக்கெய்னின் கட்டைவிரல் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

நம்மவர்களைத் தொடும் ஓர் உதாரணமும் உண்டு. கிரீன் கார்டு வரிசை. வேலைவழி கிரீன் கார்டு வருடத்துக்கு அடிப்படையாக 1,40,000. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீத உச்சவரம்பு. இந்தியர்கள் வருடக்கணக்கில் காத்திருப்பது இதனால்தான். நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் அவையில் 365-க்கு 65 என்று அமோகமாகத் தேறியது. செனட் 2020 டிசம்பரில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது. அப்புறம் என்ன, சட்டம்தானே என்றால் இல்லை. செனட் நிறைவேற்றியது திருத்திய வடிவம். இரண்டு அவைகளும் எழுத்துக்கு எழுத்து ஒரே வாசகத்தை ஏற்க வேண்டும். அதற்குள் 2021 ஜனவரியில் அந்தக் காங்கிரஸின் இரண்டு வருடக் காலம் முடிந்தது. முடிவுறாத மசோதா எல்லாம் காலாவதி. மறுபடி முதலிலிருந்து. இரண்டு அவையும் ‘சரி’ என்று சொல்லியும் செத்துப்போன மசோதா அது.

அப்படியானால் அதிபர் வெறும் பொம்மையா? இல்லவே இல்லை. படைக்கு அவர் தலைமைத் தளபதி. போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு. ஆனால் காங்கிரஸ் முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது 1942-ல். கொரியா, வியட்நாம், ஈராக் எல்லாம் அதற்கு அப்புறம் நடந்தவை. காங்கிரஸ் எழுதிய பழைய சட்டங்களில் ஏராளமான இடம் அதிபர் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நிர்வாக ஆணை போடலாம். 2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று ட்ரம்ப் பிரகடனம் செய்தது அந்த வழியில்தான். இரண்டு அவைகளால் பதினேழு மாதத்தில் மாற்ற முடியாததும், ஒரே கையெழுத்தில் மாறியதும் ஒரே குடியேற்றத் துறையில். காங்கிரஸ் முடங்க முடங்க அதிபர்கள் ஆணைகளை நம்பத் தொடங்குகிறார்கள். எந்தக் கட்சி என்பது இதில் பொருட்டில்லை.

ஆணையை நீதிமன்றம் அடிக்கலாம். 1952-ல் கொரியப் போர் நடக்கும்போது, வேலைநிறுத்தத்தைத் தடுக்க அதிபர் ட்ரூமன் எஃகு ஆலைகளை அரசுக் கட்டுப்பாட்டில் எடுத்தார். உச்ச நீதிமன்றத்தில் அப்போதிருந்த ஒன்பது நீதிபதிகளுமே அவர் கட்சியின் முந்தைய அதிபர் ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர்கள். இருந்தும் 6-3 என்று ட்ரூமனுக்கு எதிராகத் தீர்ப்பு. அவரே நியமித்தவர்களில் இருவர் எதிர்ப்பக்கம். 2023-ல் பைடனின் மாணவர் கடன் தள்ளுபடித் திட்டம், ஏறத்தாழ 400 பில்லியன் டாலர், அதே 6-3-ல் விழுந்தது. சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் உரிமை நீதிமன்றத்துக்கு உண்டு என்று அரசியலமைப்பில் வெளிப்படையாக எழுதவில்லை. 1803-ல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் ஒரு தீர்ப்பில் எடுத்துக்கொண்டது. நீதிபதிகளுக்கு ஓய்வு வயது கிடையாது என்பதால் ஒரு காலியிடம் வந்தால் இரண்டு கட்சிக்கும் ஜுரம் வந்துவிடும். 2016-ல் ஒபாமா மார்ச் மாதமே மெரிக் கார்லண்டின் பெயரை முன்மொழிந்தார். தேர்தல் வருடம், மக்கள் முடிவு செய்யட்டும் என்று குடியரசுக் கட்சியின் செனட் விசாரணைகூட நடத்தவில்லை. 2020-ல் அதே கட்சி, தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு ஏமி கோனி பாரெட்டை உறுதி செய்தது. விதி இரண்டையும் அனுமதிக்கிறது. நியாயம் வேறு விஷயம்.

இதுவரை சொன்னதெல்லாம் வாஷிங்டன். சாதாரண அமெரிக்கரின் தினசரி வாழ்க்கையைத் தொடுவது பெரும்பாலும் மாநிலமும் அதற்குக் கீழே உள்ளவையும்தான். கவர்னர் என்றதும் நம் ஊர் ஆளுநரை நினைக்க வேண்டாம்; மக்கள் ஓட்டில் வருபவர், நம் முதல்வருக்குச் சமம், அதிபரால் நீக்க முடியாது. கொலை, திருமணம், ஓட்டுநர் உரிமம், பள்ளிக்கூடம் எல்லாம் மாநிலச் சட்டம். மாநிலக் குற்றத்துக்கு அதிபர் மன்னிப்பு வழங்க முடியாது. கஞ்சா மத்தியச் சட்டப்படி இன்றும் குற்றம். கொலராடோவில் 2012-ல் மக்களே ஓட்டுப் போட்டு அனுமதித்தார்கள், கடையில் வாங்கலாம். மத்தியச் சட்டத்தை அமல்படுத்து என்று மாநிலப் போலீஸைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது 1997 தீர்ப்பு. கருக்கலைப்பு உரிமையை 2022-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களிடம் தள்ளியதும் எல்லைக்கு இந்தப் பக்கம் உரிமை, அந்தப் பக்கம் குற்றம் என்றாகிவிட்டது.

இது எவ்வளவு தூரம் போகிறது என்பது எனக்கு உறைத்தது ஒரு சாப்பாட்டு மேசையில். 2022 அக்டோபர், சான் ஹோசேயில் ஒரு நண்பர் வீடு. குடியுரிமை பெற்றவர், மென்பொருள் வேலை. கலிபோர்னியாவில் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். அவர் அதை விரித்துப் போட்டார். தட்டுகளை ஒதுக்க வேண்டியிருந்தது. கவர்னர், துணை கவர்னர், அட்டர்னி ஜெனரல், கருவூலர், காப்பீட்டு ஆணையர், கல்விக் கண்காணிப்பாளர் என்று மாநிலம் முழுமைக்குமே எட்டுப் பதவி. அப்புறம் காங்கிரஸ் உறுப்பினர். செனட்டருக்கு ஒரே ஆள் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்தேன். கமலா ஹாரிஸ் துணை அதிபரானதால் காலியான இடம் அது. அலெக்ஸ் படியாவைத் தற்காலிகமாக நியமித்திருந்தார்கள். மிச்சமிருக்கும் சில வாரங்களுக்கு ஓர் ஓட்டு, அடுத்த ஆறு வருடத்துக்கு இன்னோர் ஓட்டு. கீழே மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃப். மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தொடரலாமா வேண்டாமா. அதன்பின் மக்களே நேரடியாகச் சட்டம் போடும் ஏழு கேள்விகள்.

அதில் ஒன்று டயாலிசிஸ் மையங்களைப் பற்றியது. அங்கே டாக்டரோ தகுதியுள்ள வேறொரு மருத்துவப் பணியாளரோ கட்டாயம் இருக்க வேண்டுமா? தொழிற்சங்கத்துக்கும் டயாலிசிஸ் கம்பெனிகளுக்கும் நடக்கிற சண்டை. 2018-லும் 2020-லும் வெவ்வேறு வடிவில் இதே விவகாரம் ஓட்டுக்கு வந்து தோற்றிருந்தது. “எனக்கு டயாலிசிஸைப் பற்றி என்னங்க தெரியும்?” என்றார் நண்பர். அவர் மனைவி அரசு அனுப்பிய விளக்கப் புத்தகத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தார். இரண்டு பக்க வாதமும் முடிந்தது. இரண்டும் நியாயமாகவே பட்டது. தோசை ஆறிக்கொண்டிருந்தது. செனட்டருக்கு இரண்டு முறை வட்டத்தை நிரப்பி, நீதிபதிகளை எல்லாம் தொடரச் சொல்லி, உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். டயாலிசிஸ் வட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். மூன்றாவது முறையும் அது தோற்றது.